பர்ஜெல்லோ அரண்மனை: சிறையாக இருந்தது பிழையா, அருங்காட்சியகமாக இருப்பது மீட்பா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 12 நவம்பர் 2023

அண்மையில் ஃப்ளோரன்ஸ் நகரின் பர்ஜெல்லோ அரண்மனையைப் பார்த்து வந்தேன். 1574 முதல் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் மெதிச்சி ஆட்சியாளர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் அதைச் சிறைச்சாலையாக்கிச் சீரழித்தார்கள் என்றும், 1865இல் அருங்காட்சியகமானபோதுதான் பழைய பெருமை திரும்பியது என்றும் வழிகாட்டி சொன்னார். கலைக்காகக் கட்டப்பட்ட மாளிகை இடையில் வழிதவறிப் போய் மீண்டும் கலைக்கே வந்து சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

12 நவம்பர், இரவு

எடுத்துக்கொள்ள முடியாது. அந்தக் கட்டடம் கலைக்காகக் கட்டப்பட்டதே அல்ல. 1250இல் ஃப்ளோரன்ஸின் வணிகரும் கைவினைஞரும் பிரபுக்களின் பிடியிலிருந்து ஆட்சியைக் கைப்பற்றினார்கள். தங்கள் படைக்கும் வழக்குக்கும் தலைமை தாங்க 'மக்கள் தலைவர்' என்ற பதவியை உண்டாக்கி, அவர் இருந்து ஆள்வதற்காக 1255இல் இந்த மாளிகையைத் தொடங்கினார்கள். இன்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் பலாட்ஸோ வெக்கியோ 1299இல்தான் தொடங்கப்பட்டது. அதைவிட இது மூத்தது, அந்நகரில் எஞ்சியிருக்கும் பொதுக் கட்டடங்களில் மிகப் பழையது. தடித்த கல்சுவர், உயரத்தில் வைத்த சாளரங்கள், கோபுரம், மதில்முகப்பு ஆகியவற்றைப் பார்த்தாலே அதைக் கட்டியவர்களுக்குக் கலையைவிடக் கலகத்தைப் பற்றிய கவலை அதிகமாக இருந்தது தெரியும்.

பிரபுக்களின் தனியார் கோபுரங்களை ஏறத்தாழ 29 மீட்டர் உயரத்துக்குமேல் விடாமல் இடித்துத் தள்ளியதும் அதே ஆட்சிதான். ஆனால் தன் மாளிகைக்குள் சேர்த்துக்கொண்ட பழைய தனியார் கோபுரம் ஒன்றை மட்டும் அது குறைக்கவில்லை. 57 மீட்டருடன் அது இன்றும் நிற்கிறது. சட்டம் இயற்றுகிறவனுக்குச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு என்பதற்கு இவ்வளவு உயரமான சான்று வேறெங்கும் நான் கண்டதில்லை.

13 நவம்பர்

நேற்று விட்டுப்போன ஒன்று. வியா தெல் புரோகான்சொலோ தெருவைப் பார்த்த சுவரில் 1255 என்று ஆண்டு பொறித்த இலத்தீன் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கடலும் நிலமும் உலகம் முழுவதும் ஃப்ளோரன்ஸுக்கே உரியவை என்று அது பெருமை பேசுகிறது. அப்போது அந்நகருக்குச் சொந்தமாக ஒரு துறைமுகம்கூடக் கிடையாது. பெரும்பாலான பயணிகள் அதை நிமிர்ந்து பார்க்காமலே நுழைவுச்சீட்டு வாங்க உள்ளே போய்விடுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் போனேன்.

15 நவம்பர்

வாசகர் விடவில்லை. "அப்படியானால் ஆட்சி மாளிகை என்று வைத்துக்கொள்ளுங்கள், சிறையாக்கியது தாழ்வுதானே?" என்று கேட்கிறார். இந்தக் கேள்வியில் ஒரு நழுவல் இருக்கிறது. இங்கே நடந்த ஆட்சி என்ன வகையானது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

1260இல் மோந்தபெர்த்தி போரில் தோற்றபின் மக்கள் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த ஆண்டிலிருந்து மாளிகை பொதெஸ்தாவின் இருப்பிடமாயிற்று. பொதெஸ்தா என்பவர் நகரத்தின் தலைமை நீதிபதி, நிர்வாகி. அவர் கட்டாயமாக வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். உள்ளூரில் எவனுக்கும் எவன்மேலும் நம்பிக்கை இல்லாத காலம் அது. தம்முடைய நீதிபதிகளையும் எழுத்தர்களையும் காவலர்களையும் கூட்டிக்கொண்டு வந்து, குறுகிய காலம் பதவி வகித்துவிட்டுப் போய்விடுவார். வழக்கு கேட்பது, தீர்ப்புச் சொல்வது, தண்டனையை நிறைவேற்றுவது எல்லாம் இந்தச் சுவர்களுக்குள்தான். கைதிகளை அடைக்கும் அறைகளும் அப்போதே இருந்தன.

கவிஞர் தாந்தே நாடுகடத்தப்பட்ட வழக்கை எண்ணிப் பாருங்கள். 1302ஆம் ஆண்டு ஜனவரி 27 அன்று, பொதெஸ்தா காந்தே தே காப்ரியெல்லி அவருக்கு அபராதமும் இரண்டாண்டு நாடுகடத்தலும் விதித்தார். தாந்தே வந்து நிற்கவில்லை. மார்ச் 10 அன்று தண்டனை மாறியது: கையில் அகப்பட்டால் உயிரோடு எரிக்க வேண்டும். அந்தப் பதவியின் இருக்கை இந்த மாளிகை. 1502இல் பொதெஸ்தா முறை போய், வெளியூர்ச் சட்ட அறிஞர்கள் அடங்கிய நீதிமன்றம் அதே கூடங்களில் உட்கார்ந்தது. 1574இல் காவல்துறைத் தலைவர் வந்து சேர்ந்தார். இன்றைய பெயர் அந்தப் பதவியிலிருந்து வந்ததுதான்.

ஆக, 1255 முதல் 1850களின் இறுதி வரை, அதாவது அறுநூறு ஆண்டுகள், அது சட்டத்துக்கும் தண்டனைக்கும் உரிய வீடாக இருந்தது. சிறை என்பது அந்தப் பயனின் தொடர்ச்சி. அங்கே உண்மையான முறிவு ஒன்று உண்டென்றால் அது அருங்காட்சியகம்தான்.

19 நவம்பர்

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். தொடர்ச்சி என்று சொன்னதில் உறுதியாக இருக்கிறேன்; ஆனால் கலை முற்றாக இல்லை என்று வாசகர்கள் புரிந்துகொண்டால் அதற்கு நானே பொறுப்பாவேன். கலை இருந்தது, ஆனால் தண்டனையின் பணியாளாக இருந்தது.

மாளிகையின் மேல்தளத்தில் மக்தலேனா மரியாளின் சிறுகோயில் இருக்கிறது. மரண தண்டனை பெற்றவர்கள் கடைசி நேரத்தை வழிபாட்டில் கழித்த இடம் அது. 1330களில் ஓவியர் ஜோத்தோவின் பட்டறை அதன் சுவர்களில் ஓவியம் தீட்டியது. நுழைவாயில் சுவரில் நரகம். எதிர்ச் சுவரில் சொர்க்கம். சொர்க்கத்தில் வரிசையாக நிற்கும் மீட்கப்பட்டோர் நடுவே, செந்நிற ஆடையும் கூர்ந்த முகவெட்டுமாக ஒருவர் நிற்கிறார். அவர் தாந்தே என்று மரபு சொல்கிறது. கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரியும் 16ஆம் நூற்றாண்டில் அப்படியே எழுதிவைத்தார். உயிரோடு எரிக்கும்படி தீர்ப்பளித்த பதவியின் மாளிகையிலேயே, அவர் இறந்து இருபது ஆண்டுகள் ஆவதற்குள், அவரைச் சொர்க்கத்தில் நிறுத்திவிட்டார்கள். தீர்ப்பை மாற்றி எழுத மனம் வராத ஊருக்குச் சுவரில் வரைவது எளிதாக இருந்திருக்கிறது.

அந்த அறையில் நின்றபோது எனக்கு ஓவியத்தின் அழகைவிட அதன் கோணம்தான் உறுத்தியது. சாகப்போகிறவன் உள்ளே வரும்போது சொர்க்கம் எதிரே தெரிகிறது. வெளியே அழைத்துச் செல்லப்படும்போது நரகம் வாயிலின்மேல் நிற்கிறது. இவ்வளவு யோசித்து வரைந்தார்களா, அல்லது அக்காலத்துக் கோயில்களில் வழக்கமாக இருந்த அமைப்பையே இங்கும் பின்பற்றினார்களா என்று நெடுநேரம் எண்ணினேன். வழக்கம்தான் என்று தோன்றுகிறது. ஆனால் வழக்கமான அமைப்பு வழக்கமில்லாத பார்வையாளனைச் சந்திக்கும்போது வேறு பொருள் கொள்கிறது.

20 நவம்பர்

ஓவியர்கள் வேறொரு வழியிலும் இங்கே கூலி பெற்றார்கள். தப்பி ஓடிய துரோகிகளையும் தூக்கிலிடப்பட்டவர்களையும் பொதுச் சுவரில் இழிவாக வரைந்து வைப்பது அக்கால ஃப்ளோரன்ஸின் தண்டனைகளில் ஒன்று. 1440இல் அங்கியாரி போருக்குப் பின், நகருக்கு எதிராகப் படையெடுத்து வந்த அல்பீத்ஸி தரப்பினரைக் காலில் கட்டித் தலைகீழாகத் தொங்குவதுபோல இந்த மாளிகையின் முகப்பில் வரைந்தவர் ஆந்திரேயா தெல் கஸ்தாஞ்ஞோ. அதனால் அவருக்குத் 'தூக்கில் தொங்குவோரின் ஆந்திரேயா' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த ஓவியம் இன்று இல்லை.

ஓவியர் போத்திச்செல்லியும் 1478இல், மெதிச்சிகளைக் கொல்லத் திட்டமிட்ட பாத்ஸி சதிகாரர்களை இதே சுவரில் வரைந்தார் என்று வாசகர் இன்னொருவர் எழுதியிருக்கிறார். பல வழிகாட்டி நூல்களில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஓவியம் பலாட்ஸோ வெக்கியோவை ஒட்டிய சுங்கச்சாவடி வாயிலின்மேல் தீட்டப்பட்டது. அதற்குக் கொடுத்த கூலி 40 ஃப்ளோரின்.

இங்கே நடந்தது அந்தச் சதியின் கடைசிப் பகுதி. ஜூலியானோ தே மெதிச்சியைக் குத்திக் கொன்றவர்களில் ஒருவனான பெர்னார்தோ பந்தீனி கான்ஸ்டான்டினோபிள் வரை தப்பி ஓடினான். சுல்தான் இரண்டாம் மெஹ்மத் அவனைப் பிடித்துத் திருப்பி ஒப்படைத்தார். 1479 டிசம்பர் 29 அன்று, துருக்கிய உடையிலேயே, பர்ஜெல்லோவின் சாளரத்திலிருந்து தொங்கவிட்டார்கள். தெருவில் நின்ற இருபத்தேழு வயது லியொனார்டோ டா வின்சி அந்தச் சடலத்தை வரைந்தார். ஓரத்தில் உடையின் விவரங்களைக் குறித்துக்கொண்டார்: நரி மயிர் உள்வைத்துத் தைத்த நீல அங்கி, கறுப்புக் காலுறை. அந்தத் தாள் இப்போது பிரான்சின் பயோன் நகரில் இருக்கிறது. அதில் இரக்கமும் இல்லை, வெறுப்பும் இல்லை; துணி வணிகனின் கணக்குப்போல இருக்கிறது.

26 நவம்பர்

1574க்குப் பின் நடந்தது பற்றி. முற்றத்தைச் சுற்றிய தாழ்வார வளைவுகளையும் மேல்தளத்துத் திறந்த மாடத்தையும் செங்கல் வைத்து அடைத்துச் சிற்றறைகளாக்கினார்கள். 1332ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் நேரி தி ஃபியோரவாந்தே 1340களில் கல்லால் வளைத்துக் கட்டிய மாபெரும் அவைக்கூடத்தைக் குறுக்கே தளம் போட்டுப் பிரித்து, அதற்குள் சிறையறைகளை அடுக்கினார்கள். சிறுகோயிலையும் இரண்டு தளமாகப் பிரித்தார்கள். அதன் ஒரு பகுதி சிறையின் உக்கிராண அறை ஆயிற்று. ஜோத்தோ பட்டறையின் சொர்க்கத்தின்மேல் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது.

இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதுவது எளிது. நான் பல ஆண்டுகள் பழைய மாளிகை ஒன்றில் இயங்கிய அலுவலகத்தில் வேலை பார்த்தவன். அங்கே நடனக்கூடத்தை ஒட்டுப்பலகைத் தடுப்புகளால் பதினாறாகப் பிரித்திருந்தார்கள். மேற்கூரையின் பூவேலைப்பாடு ஒவ்வொரு தடுப்பறையிலும் கால் பூவும் அரைப் பூவுமாகத் தெரியும். எங்களில் எவருக்கும் அந்த மாளிகைமேல் பகை கிடையாது. மின்விசிறிக் காற்று வருகிறதா, கோப்பு அடுக்க இடம் இருக்கிறதா என்பதே எங்கள் கவலை. பர்ஜெல்லோவின் சிறை அதிகாரியும் அப்படித்தான் இருந்திருப்பார். சுண்ணாம்பு அடிக்கச் சொன்னவருக்குத் தாந்தேயை அவமதிக்கும் நோக்கம் இருந்ததென்று நான் நம்பவில்லை. மாவு மூட்டை வைக்கும் அறையின் சுவர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்திருப்பார்.

சுண்ணாம்பு ஓவியத்தை மறைத்தது, ஆனால் அழிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாருக்கும் அக்கறை இல்லாத காலங்களில் கண்ணில் படாமல் இருப்பதே பாதுகாப்பு.

3 டிசம்பர்

சிறைக்காலத்தை ஒரே இருட்டாக வரைவதும் சரியல்ல. 1786 நவம்பர் 30 அன்று தொஸ்கானாவின் பெருங்கோமகன் பியெத்ரோ லியோபோல்தோ வெளியிட்ட புதிய குற்றச் சட்டம் மரண தண்டனையையும் சித்திரவதையையும் ஒழித்தது. ஐரோப்பாவில் மரண தண்டனையைச் சட்டத்தால் முழுமையாக நீக்கிய முதல் அரசு என்று தொஸ்கானாவையே சொல்வது வழக்கம். அப்போது தூக்குமரத்தையும் வதைக்கருவிகளையும் கொண்டுவந்து குவித்துத் தீயிட்டது இதே பர்ஜெல்லோவின் முற்றத்தில்தான். 1790இல் லியோபோல்தோ பேரரசராக வியன்னாவுக்குப் போனபின், கலகங்களைக் காரணம் காட்டிச் சில குற்றங்களுக்கு மரண தண்டனை திரும்ப வந்துவிட்டது. என்றாலும் அந்தத் தீ எரிந்ததை மறுக்க முடியாது. தொஸ்கானா மாநிலம் இன்றும் நவம்பர் 30ஐத் தன் விழாநாளாகக் கொண்டாடுகிறது.

அந்த முற்றத்தில் இப்போது சிலைகளும், பிடரிப் பக்கம் புனித பவுலின் தலையைத் தாங்கிய 1638ஆம் ஆண்டின் வெண்கலப் பீரங்கி ஒன்றும் இருக்கின்றன. பீரங்கியின் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத குடும்பமே இல்லை. தீயின் நினைவாக அப்படி ஒரு கூட்டம் கூடி நான் பார்க்கவில்லை.

4 டிசம்பர்

"அருங்காட்சியகத்துக்குள் பீரங்கி வைத்தால் படமெடுக்காமல் என்ன செய்வார்கள்?" என்று கேட்டவருக்கு: நானும் எடுத்தேன்.

10 டிசம்பர்

தாந்தேயின் முகம் எப்படி வெளியே வந்தது என்று கேட்கிறார்கள். நல்ல கதை, ஆனால் அதில் ஒவ்வொருவரும் கொஞ்சம் அசிங்கப்படுகிறார்கள்.

வசாரியின் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, ஃப்ளோரன்ஸில் குடியிருந்த ஆங்கில ஓவியர் சீமோர் கிர்க்கப்பும், அமெரிக்கரான ரிச்சர்ட் ஹென்ரி வைல்டும், பியெமோந்தேக்காரரான ஆப்ரி பெட்ஸியும் சுண்ணாம்பை நீக்கிப் பார்க்க அனுமதி கேட்டு அரசை நச்சரித்தார்கள். 1840 ஜூலையில், ஆந்தோனியோ மரீனி என்ற ஓவியர் சுண்ணாம்பைச் சுரண்டியபோது தாந்தேயின் முகம் தெரிந்தது. கண்ணிருந்த இடத்தில் ஓர் ஆணி அடிக்கப்பட்டிருந்தது. அதைப் பிடுங்கியபோது கண்ணும் சுதையோடு பெயர்ந்து வந்துவிட்டது. அடுத்த ஆண்டு மரீனி அந்த இடத்தை நிரப்பிப் புதுக் கண் வரைந்தார். கிர்க்கப் அதற்கு முன்பே காவலனுக்குக் கைக்கூலி கொடுத்துச் சிறுகோயிலுக்குள் புகுந்து, உள்ளிருந்தபடியே அந்த முகத்தைப் படியெடுத்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. இன்று நாம் சுவரில் பார்க்கும் கண்ணைவிட அந்தப் படியின் அச்சுகளில் உள்ள குழிதான் நேர்மையானது.

கிர்க்கப் இன்னொன்றையும் சொல்லிக் குறைபட்டுக்கொண்டார். உடையில் பச்சை, வெள்ளை, சிவப்பு மூன்றும் இருந்ததாகவும், பச்சையைச் செம்பழுப்பாக மாற்றிவிட்டார்கள் என்றும் எழுதினார். ஆஸ்திரிய வம்சத்தின் ஆட்சியில், இத்தாலிய விடுதலை இயக்கத்தின் மூவண்ணத்தைத் தாந்தேயே அணிந்து நிற்பது அதிகாரிகளுக்கு உவப்பாக இருந்திருக்காது என்பது அவர் கருத்து. அவர் மிகைப்படுத்துகிறவர்தான். ஆனாலும் சுவரைச் சுரண்டும்போது அரசியல் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்பதை இது காட்டுகிறது.

கவனிக்க: இத்தனையும் நடந்தபோது அது சிறைச்சாலைதான். பக்கத்துச் சுவருக்கு அப்பால் கைதிகள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி இந்த மூவரில் எவரும் எழுதியதை நான் படித்ததில்லை.

17 டிசம்பர்

இப்போது வாசகரின் முதல் கேள்விக்கு நேரடியாக வருகிறேன்.

1850களின் இறுதியில் கைதிகளை நகரின் கிழக்கே உள்ள முராத்தே சிறைக்கு மாற்றினார்கள். 1859இல் கோமகனின் ஆட்சி முடிந்து தொஸ்கானா புதிய இத்தாலியோடு சேரத் தொடங்கிய வேளையில், பிரான்செஸ்கோ மாட்சேய் என்ற கட்டடக்கலைஞர் புதுப்பிக்கும் பணியைத் தொடங்கினார். செங்கல் அடைப்புகளை இடித்து வளைவுகளைத் திறந்தார். கூடத்தின் இடைத்தளங்களை நீக்கினார். அதுவரை யாரும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதோடு நிற்கவில்லை. கயெத்தானோ பியாங்கி சுவர்களிலும் மேல்வளைவுகளிலும் 14ஆம் நூற்றாண்டுப் பாணியில் புதிய அலங்காரம் தீட்டினார். பயணிகள் "எவ்வளவு பழமை!" என்று வியக்கும் வண்ணப் பட்டைகளும் சின்னங்களும் பெருமளவு 1860களின் கைவேலை.

ஏன் இந்த அவசரம் என்பதற்கு ஆண்டே விடை சொல்கிறது. 1865இல் ஃப்ளோரன்ஸ் இத்தாலியின் தலைநகரம் ஆனது. ரோம் இன்னும் போப்பின் கையில் இருந்தது. அதே ஆண்டு மே மாதம் தாந்தேயின் 600ஆவது பிறந்தநாள். புதிய நாட்டுக்கு ஒரு மூதாதை தேவைப்பட்டார். அந்த மூதாதைக்கு ஒரு வீடும் தேவைப்பட்டது. தாந்தே நினைவுப் பொருள்களையும் இடைக்காலக் கலைப்பொருள்களையும் வைத்து இந்த மாளிகையில் கண்காட்சிகள் திறக்கப்பட்டன. ஜூன் 22 அன்று அரசாணை அதைத் தேசிய அருங்காட்சியகமாக்கியது. மன்னர்களுக்கும் கோமகன்களுக்கும் முந்திய, தன்னைத் தானே ஆண்ட நகரத்தின் காலம் வெளியே தெரிய வேண்டும்; மெதிச்சி காலச் சிறை தெரியக்கூடாது. எனவே முந்நூறு ஆண்டுகள் சுத்தமாகத் துடைக்கப்பட்டன.

பழைய பெருமை திரும்பி வரவில்லை. 1860களின் தேவைக்கு ஏற்ற ஒரு பழமையைத் தேர்ந்தெடுத்துக் கட்டினார்கள்.

31 டிசம்பர்

உள்ளே இருக்கும் பொருள்களும் அந்த மாளிகைக்கு வந்தேறிகள்தாம். இதை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதத் தோன்றுகிறது.

சிற்பி டொனாடெல்லோவின் வெண்கல தாவீது மெதிச்சி குடும்பத்தின் வீட்டு முற்றத்தில் நின்றவன். 1494இல் அவர்கள் துரத்தப்பட்டபின், நகர ஆட்சி அவனைப் பறிமுதல் செய்து பலாட்ஸோ வெக்கியோவில் நிறுத்தியது. செல்வக் குடும்பத்தின் பெருமையாக இருந்தவன் அக்குடும்பத்தை எதிர்த்த குடியரசின் சின்னமானான். டொனாடெல்லோவின் இன்னொரு சிலையான புனித ஜார்ஜ், ஆயுதக் கொல்லர் சங்கத்துக்காக ஓர்சான்மிக்கேலே கோயிலின் வெளிமாடத்தில் வெயில் மழையில் நின்றவர். 1890களில்தான் இங்கே வந்தார். 1887இல் டொனாடெல்லோவின் ஐந்நூறாம் ஆண்டு விழாவுக்காக நடந்த கண்காட்சிக்குப் பின் அவைக்கூடம் அவருக்கே உரியதாயிற்று. அடுத்த ஆண்டு லியோன் நகரச் சேகரிப்பாளர் லூயி கராந்தின் 3,000க்கும் மேற்பட்ட தந்தச் சிற்பங்கள், எனாமல் வேலைகள், நகைகள் வந்து சேர்ந்தன. ஃப்ளோரன்ஸில் செய்யாத பொருள்கள்கூட ஃப்ளோரன்ஸின் தேசியச் சொத்தாயின.

எனக்கு மிகவும் பிடித்த தற்செயல் மைக்கலாஞ்சலோவின் பாக்கஸ். குடித்துத் தள்ளாடும் அந்தச் சிலையை 1496இல் செய்யச் சொன்னவர் கர்தினால் ரஃபாயேல்லே ரியாரியோ. செய்து முடித்தபின் வேண்டாம் என்றுவிட்டார். இதே ரியாரியோ இளைஞராக 1478இல் ஃப்ளோரன்ஸ் பேராலயத்தில், பாத்ஸி சதிகாரர்கள் கத்தி உருவிய பூசையில் உட்கார்ந்திருந்தவர். சதியில் அவருக்குப் பங்கு இருக்குமோ என்று பிடித்துப் பல வாரங்கள் காவலில் வைத்தார்கள். அவர் வேண்டாமென்று ஒதுக்கிய சிலையை நூறாண்டுகளுக்குள் மெதிச்சிகள் வாங்கினார்கள். அது இன்று பந்தீனி தொங்கிய மாளிகையின் தரைத்தளத்தில் நிற்கிறது. எவரும் திட்டமிட்டு இப்படி ஒரு வட்டத்தை வரைந்திருக்க முடியாது.

மேல்தளத்துத் திறந்த மாடத்தில் சிற்பி ஜாம்போலோஞ்ஞாவின் வெண்கலப் பறவைகள் இருக்கின்றன. மெதிச்சிகளின் காஸ்தெல்லோ தோட்டத்துச் செயற்கைக் குகைக்காக 1560களில் வார்த்தவை. இறகை உப்பிக்கொண்டு நிற்கும் வான்கோழி அமெரிக்காவிலிருந்து வந்து அதிக காலம் ஆகாத புதுமை. சிறையறைகளாக அடைபட்டிருந்த மாடம் அது என்று அங்கே நின்றிருந்த காவலர் ஒருவர் எனக்குச் சொன்னபோது, பறவைகளை விட்டுவிட்டுச் சுவரில் அடைப்பின் தழும்பு தெரிகிறதா என்று தேடினேன். மாட்சேயின் கொத்தனார்கள் திறமைசாலிகள், ஒன்றும் தெரியவில்லை.

7 ஜனவரி 2024

டிசம்பர் 17 குறிப்பைப் படித்த சிலர், சிறையை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குறிப்பின் சூடு எனக்கே இப்போது சற்று அதிகமாகப் படுகிறது.

இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது என்பதே சிக்கல். சிறுகோயிலின் சுண்ணாம்பு சிறையின் சான்று. அதைச் சுரண்டாமல் தாந்தே இல்லை. கூடத்தின் இடைத்தளங்கள் சிறையின் உடல். அவற்றை நீக்காமல் 1340களின் கல்வளைவு இல்லை. ஒரு காலத்தைக் காட்ட இன்னொன்றை இடித்தாக வேண்டிய கட்டடம் இது. மாட்சேயின் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் இடைத்தளங்களை இடித்திருப்பேன். ஆனால் ஒரே ஓர் அறையையாவது, செங்கல் அடைப்பும் இரும்புக் கதவுமாக, விட்டுவைத்திருப்பேன். சிறைவாசிகள் சுவரில் கீறியவற்றை இடிப்பதற்கு முன் படியெடுக்கச் சொல்லியிருப்பேன். பியாங்கிக்கு வேலை கொடுத்திருக்க மாட்டேன்.

இன்றைய பழுதுபார்ப்பு முறை வேறு. 2007, 2008ஆம் ஆண்டுகளில் டொனாடெல்லோவின் தாவீதைச் சுத்தம் செய்தபோது, கூடத்திலேயே, பார்வையாளர்களின் கண்முன்னே செய்தார்கள். இழந்த பொற்பூச்சைத் திரும்பப் பூசவில்லை, எஞ்சியதை மட்டும் வெளிக்கொண்டு வந்தார்கள். 1860களுக்கு அந்தப் பொறுமை கிடையாது என்று குறை சொல்வது எளிது. அவர்களிடம் லேசர் கருவியும் கிடையாது, நாடு என்று ஒன்று உண்டாகி நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

8 ஜனவரி

"பியாங்கியின் அலங்காரத்தையும் இப்போது சுரண்டிவிடலாமா?" என்று கேள்வி. கூடாது. அதற்கும் நூற்றைம்பது வயது கடந்துவிட்டது. முதல் நாள் போலியாக இருந்தது இப்போது தன் காலத்தின் ஆவணம். இந்த விளையாட்டுக்கு முடிவே இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

21 ஜனவரி

அருங்காட்சியகம் என்ற பயனும் ஒரே நிலையில் நிற்கவில்லை. தொடக்கத்தில் ஆயுதங்கள், நாணயங்கள், பதக்கங்கள், துணிகள் எல்லாம் கலந்து, இடைக்காலத்தைக் கண்முன் நிறுத்தும் வீடாக இருந்தது. சிற்பங்கள் உஃபீட்ஸி கலைக்கூடத்திலிருந்தும் தெருக்களிலிருந்தும் மெல்ல வந்து குவிந்தபின்தான் உலகம் அறிந்த சிற்பக்கூடமாக மாறியது. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு நகருக்குள் புகுந்தபோது தரைத்தளம் மூழ்கியது. வெப்பமூட்டும் எண்ணெய் கலந்த சேறு பளிங்கில் படிந்தது. தரைத்தளத்து மைக்கலாஞ்சலோ கூடத்தின் இன்றைய அமைப்பு அந்த வெள்ளத்துக்குப் பின் உருவானதே.

1401இல் ஞானஸ்நானக் கோயிலின் வெண்கலக் கதவுக்காக நடந்த போட்டியில் புருனெல்லெஸ்கியும் கிபெர்த்தியும் செய்த இரண்டு தகடுகள் அவைக்கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. வென்றவர் யார், தோற்றவர் யார் என்று பார்வையாளர்கள் அங்கே நின்று வாதாடுகிறார்கள். நானும் என் நண்பரும் குரல் உயர்த்திப் பேசி, காவலரிடம் கண்டிப்பு வாங்கினோம். ஒரு காலத்தில் தீர்ப்புச் சொன்ன மாளிகையில் இன்னும் அந்தத் தொழில் முழுதாக நின்றுவிடவில்லை.

4 பிப்ரவரி

கடைசியாக ஒரு கேள்வி: சிறைக்காலத்தின் தடயத்தைப் பார்க்க எங்கே போவது? பர்ஜெல்லோவுக்குள் தேடி ஏமாற வேண்டாம். அதன் பக்கவாட்டில் கிழக்கே செல்லும் வியா கிபெல்லினா தெருவில் நடங்கள்.

முதலில் வெர்தி நாடக அரங்கு வரும். அந்த இடத்தில்தான் ஸ்திங்கே இருந்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1830கள் வரை ஃப்ளோரன்ஸின் முதன்மைச் சிறை அதுவே. கடனாளிகள் பலர் அங்கேதான் அடைபட்டார்கள். அதை இடித்துவிட்டு 1854இல் அரங்கு திறந்தார்கள். அதே தெருவில் மேலும் நடந்தால் காஸா புவோனரோத்தி என்ற மைக்கலாஞ்சலோ குடும்ப வீடு. வேண்டுமானால் உள்ளே போகலாம், நம் பேச்சுக்கு அது தேவையில்லை. தெருவின் கீழைக்கோடியில் முராத்தே. உலகைத் துறந்து சுவருக்குள் அடைந்துகொண்ட கன்னியர் மடமாக இருந்தது. பிற்காலத்தில் பிரான்சின் அரசியான கத்தரினா தே மெதிச்சி சிறுமியாக அங்கே வைக்கப்பட்டிருந்தாள். 19ஆம் நூற்றாண்டில் அதைச் சிறையாக்கினார்கள். பர்ஜெல்லோவின் கைதிகள் வந்து சேர்ந்ததும் இங்கேதான். 1966 வெள்ளத்தின்போதும் உள்ளே கைதிகள் இருந்தார்கள். 1980களில் நகருக்கு வெளியே புதுச் சிறை வந்தபின் காலியாகி, இப்போது நகராட்சியின் குறைந்த வாடகைக் குடியிருப்பாகவும், காப்பிக்கடையும் நூல்கூட்ட அரங்கும் உள்ள இடமாகவும் இருக்கிறது.

ஒரே தெருவில் மூன்று சிறைகள். ஒன்று அரங்கு, ஒன்று குடியிருப்பு, ஒன்று அருங்காட்சியகம். இவற்றில் முராத்தேயில் மட்டும் பழைய சிறையறைக் கதவுகள் சிலவற்றை விட்டுவைத்திருக்கிறார்கள். மாடியில் துணி உலர்த்துகிறவர்களுக்கு அவற்றால் தொந்தரவு இருப்பதாகத் தெரியவில்லை. பர்ஜெல்லோ பிற்பகலில் சில நாள்கள் சீக்கிரமே மூடப்படுவதால் காலையில் அதை முடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வாருங்கள். நடை பத்து, பதினைந்து நிமிடம்தான்.